களைக்கு வினிகர்-உப்பு, பூச்சிக்குப் புகையிலைத் தண்ணீர்: அளவு சொல்லுங்களேன்

முற்றத்துமல்லி:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டைச் சுத்திக் கொஞ்சம் மண் தரை இருக்கு. நடக்கிற பாதையில கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல கோரையும் சின்னச் சின்னக் களையும் முளைச்சுக்கிட்டே இருக்கு. பிடுங்கினா பத்தே நாள்ல மறுபடி தலை நீட்டுது. பாதையை ஒட்டி ஒரு செம்பருத்தி, அதுக்கு அந்தப் பக்கம் கத்தரி, மிளகாய், வெண்டை. செம்பருத்தி நுனியெல்லாம் மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கு. மிளகாய்ல இலை சுருண்டு, அடியில பச்சையா பொடிப்பொடியா பூச்சி.

மூணு வயசுப் பொண்ணு நாள் முழுக்க அந்தப் பாதையிலதான் விளையாடுவா. ஒரு பூனையும் இருக்கு. அதனால ரசாயன மருந்து வேண்டாம், வீட்டுல இருக்கிறதை வச்சே பார்த்துக்கலாம்னு இருக்கேன். ஒருத்தர் சொன்ன கணக்கு: வினிகர் ஒரு லிட்டர், உப்பு ஒரு கப், பாத்திரம் கழுவுற திரவம் ஒரு மூடி. இதைக் கலந்து ஒரு பழைய ஜூஸ் பாட்டில்ல ஊத்தி வச்சிருக்கேன், இன்னும் அடிக்கலை. சொந்தக்காரர் ஒருத்தர், அதுலயே பிளீச்சும் ஒரு மூடி ஊத்தினா வேரோட போயிடும்னு சொல்றார். பூச்சிக்கு, புகையிலையை ராத்திரி முழுக்க ஊறவச்சு வடிகட்டி அடிக்கச் சொல்றாங்க.

எது எவ்வளவுன்னு சரியான அளவு தெரிஞ்சவங்க சொன்னா உதவியா இருக்கும்.

வரப்போரம்:

வினிகர், உப்பு, சோப்பு மூணும் கலந்து நான் போன கோடையில் அடித்தேன். நல்ல வெயிலில் காலையில் அடித்தால் மறுநாளே இலை எல்லாம் கருகிவிடும். நீங்கள் சொன்ன அளவேதான். எனக்கு ஒரு குறையும் இல்லை, தைரியமாக அடியுங்கள்.

சோதனைக்குழாய்:

மல்லி, மற்றதெல்லாம் பிறகு. அந்த பாட்டிலில் பிளீச் ஊற்றிவிடாதீர்கள். ஒரு சொட்டுகூட வேண்டாம்.

நான் பள்ளியில் வேதியியல் எடுப்பவன். பிளீச் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அதோடு வினிகர் போன்ற அமிலம் எது சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளிவரும். 1915-ல் முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இருந்த வீரர்கள்மேல் திறந்துவிட்ட வாயு இதுதான். ஒரு மூடி பிளீச்சில் அந்த அளவு வராது, உண்மைதான். ஆனால் நீங்கள் குனிந்து பாட்டிலுக்குள் பார்த்துக்கொண்டு கலக்குவீர்கள். முகத்துக்கு நேராகத்தான் வரும். மூச்சுக்குழாயை எரிக்கும். குழந்தை பக்கத்தில் நின்றால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் குளோரின் காற்றைவிடக் கனமானது; தாழ்வாகத்தான் தங்கும்.

அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தோடு சேர்ந்தால் குளோரமின் என்ற வேறொரு நச்சு வாயு வரும். சுருக்கமாக, பிளீச்சோடு தண்ணீரைத் தவிர எதையும் கலக்கக் கூடாது. தோட்டத்துக்கு அது தேவையே இல்லை.

பூவாளி:

மல்லி, உங்கள் கேள்வியைப் படித்ததும் என் பழைய தோட்டம் கண்முன் வந்துவிட்டது. இருபது வருஷமாகச் செடி வளர்க்கிறேன். வீட்டுச் சரக்கு என்றாலே பயமில்லை என்று நினைத்து நான் செய்த தப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உப்பு. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லும் அதே கலவையைத்தான் நானும் ஒரு மூலையில் மூன்று முறை ஊற்றினேன். களை போனது. நானும் சந்தோஷப்பட்டேன். மழை பெய்து இரண்டு வாரம் கழித்து, நாலடி தள்ளி இருந்த எலுமிச்சையில் இலை நுனி பழுப்பாக ஆரம்பித்தது. நுனியில் தொடங்கி ஓரம் வழியாகவே உள்ளே வந்தது, யாரோ ஓரத்தை மட்டும் நெருப்பில் காட்டி எடுத்த மாதிரி. பூச்சியா, நோயா என்று தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். மேலே வெள்ளையாக ஒரு பக்கு. தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் அப்படியே நிற்கிறது. உப்பு மட்கிப்போகிற பொருளில்லை. தண்ணீர் எங்கே ஓடுகிறதோ அங்கே அதுவும் போகும். வேரைத் தண்ணீர் உறிஞ்ச விடாது. போதாததற்கு அதிலுள்ள சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிட்டு மண்ணைச் சிமெண்ட் மாதிரி இறுக்கிவிடும். ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டி வெளியேற்றி, புது மண் போட்டேன். அந்த எலுமிச்சை தேறவில்லை. உங்கள் செம்பருத்தி பாதையை ஒட்டி இருக்கிறது என்கிறீர்கள். அதன் வேர் கல்லுக்கடியில் வந்திருக்கும்.

உப்பில்லாத வினிகர்? சமையலறை வினிகரில் அசெட்டிக் அமிலம் 5 சதவீதம் அளவில் இருக்கும். அது படுகிற பச்சைப் பகுதியை மட்டும் கருக்கும். இரண்டு மூன்று இலை விட்ட விதைக்களைக்கு அது போதும். வேரிலிருந்தும் கிழங்கிலிருந்தும் கிளம்புகிறவைக்குச் சும்மா முடி வெட்டிவிட்ட மாதிரிதான். "பத்தலையே" என்று 20 சதவீத வினிகர் வாங்கத் தோன்றும். வேண்டாம். அது தோலைப் புண்ணாக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். குழந்தை இருக்கிற வீட்டில் அதை வைத்திருக்கவே கூடாது என்பது என் கருத்து.

பாதைக்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி கொதிநீர். மூக்கு நீண்ட கெட்டிலில் எடுத்துக்கொண்டு போய், இடுக்கில் மட்டும் மெதுவாக ஊற்றுங்கள். பாதம் முழுக்க மூடும் செருப்போ ஷூவோ கட்டாயம். பொண்ணு வீட்டுக்குள், கதவு தாழ்ப்பாள் போட்டு. செடிக்கு ஒரு முழம் தள்ளியே நிறுத்துங்கள். ஒரு வாரம் கழித்து மிச்சம் முளைப்பதற்கு இன்னொரு தடவை. பிறகு இடுக்கில் மணலை இறுக்கி அடைத்துவிட்டால் புதிதாக விதை விழுந்து முளைப்பது பாதியாகக் குறையும்.

ஆனால் கோரை இதில் அடங்காது. அதற்கு மருந்தைவிட அதைப் புரிந்துகொள்வதுதான் முக்கியம். மண் ஈரமாக இருக்கும்போது ஒரு கோரையைப் பிடுங்காமல், பக்கத்தில் கம்பியை விட்டு நெம்பி எடுத்துப் பாருங்கள். தண்டுக்கடியில் ஒரு சின்ன முடிச்சு, அதிலிருந்து கறுப்புக் கம்பி மாதிரி ஒரு இழை, அந்த இழையில் மணி கோத்த மாதிரி கிழங்குகள். கையில் நசுக்கினால் ஒரு வாசனை வரும், தெரிந்தவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். மேலே பிடித்து இழுக்கிறபோது அந்த இழை அறுந்து கிழங்கெல்லாம் உள்ளேயே நின்றுவிடுகிறது. உறங்கிக்கொண்டிருந்த கிழங்கு அதற்குப் பிறகுதான் விழித்துக்கொள்ளும். அதனால்தான் பத்து நாளில் மறுபடி. ஒன்றைப் பிடுங்கிய இடத்தில் மூன்றுகூட வரும்.

இழையைப் பின்தொடர்ந்து போய் கிழங்கோடு எடுங்கள். பெரும்பாலும் மேல் அரையடிக்குள்தான் இருக்கும். கல்லுக்கடியில் எட்டாதவற்றை, நாலு இலை விடுவதற்குள் வெட்டிக்கொண்டே இருங்கள். கிழங்கில் இருக்கிற சேமிப்பு செலவழிந்து ஓய்ந்துபோகும். இதற்கு ஒரு பருவம் முழுக்க ஆகும், அவசரப்பட முடியாது. பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு மூடலாம் என்று யாராவது சொன்னால், கோரையின் முளை ஊசி மாதிரி, அந்த விரிப்பையே துளைத்துக்கொண்டு வரும். எடுத்த கிழங்கை உரக்குழியில் போடாதீர்கள். ஒரு தகரத்தில் பரப்பி, சுருங்கிக் காய்கிறவரை வெயிலில் வைத்துவிட்டுக் குப்பையில் சேருங்கள்.

இப்போது பூச்சி. புகையிலைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். "இயற்கைதானே" என்று நினைக்கிறோம். நிக்கோட்டின் செடியிலிருந்து வருவதுதான், ஆனால் கடும் நஞ்சு. தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். ஈரமான புகையிலை இலையைப் பறிக்கிறவர்களுக்கே தலைசுற்றலும் வாந்தியும் வருவது வேலை சார்ந்த நோயாகப் பதிவாகியிருக்கிறது. உங்கள் பொண்ணு தொட்டு விளையாடுகிற இலையில் அதை அடிக்க முடியுமா? இன்னொன்று: புகையிலையில் தேமல் வைரஸ் இருந்தால், காய்ந்த புகையிலையிலும் உயிரோடு இருக்கும். மிளகாயும் கத்தரியும் தக்காளியும் அதே குடும்பம். பூச்சிக்கு அடிக்கப் போய் நீங்களே நோயை ஏற்றிவிடுவீர்கள்.

மிளகாயில் பச்சைப் பொடிப் பூச்சி என்றால் அது அசுவினி. காலையில் குழாய்த் தண்ணீரை இலைக்கு அடியிலிருந்து வேகமாகப் பீய்ச்சுங்கள். கீழே விழுந்தவை பெரும்பாலும் ஏறி வராது. இரண்டு நாளுக்கு ஒரு முறை, மூன்று தடவை. பலருக்கு இதோடே முடிந்துவிடும்.

மாவுப்பூச்சிக்கு அது போதாது, உடம்பின்மேல் மெழுகுப் பொடி இருக்கிறதே. ரொம்ப அப்பியிருக்கிற நுனிகளை வெட்டி, சோப்புத் தண்ணீர் வாளிக்குள் போடுங்கள். மிச்சத்துக்கு வேப்பெண்ணெய். 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் முதலில் 2 மி.லி. திரவ சோப்பைக் கலக்குங்கள், பிறகு 5 மி.லி. வேப்பெண்ணெய். இந்த வரிசை மாறினால் எண்ணெய் மேலே மிதக்கும். அடிக்கும்போது முதலில் வெறும் தண்ணீர், கடைசியில் வெறும் எண்ணெய் வந்து இலையைப் பொசுக்கிவிடும். கலவை பால் மாதிரி இருக்க வேண்டும். கலந்த அன்றே அடித்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் வீரியம் இருக்காது.

சோப்பு என்று நான் சொல்வது வாசனை, நிறம் சேர்க்காத சாதாரண சோப்பு. பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்தது, இலைமேல் இருக்கிற மெழுகையும் அது எடுத்துவிடும்.

எந்தக் கலவையானாலும் முதலில் ஒரே ஒரு கிளையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். சாயங்காலம் மட்டும் அடியுங்கள். அப்போது தேனீ வீடு திரும்பியிருக்கும், இலையும் பொசுங்காது. பூவில் படக் கூடாது. செடி வாடியிருந்தால் அன்றைக்கு வேண்டாம், தண்ணீர் விட்டுத் தேற்றி மறுநாள் அடிக்கலாம். காற்று உங்கள் முகத்துக்கு நேரே அடித்தால் நிறுத்திவிடுங்கள். முட்டையை இது கொல்லாது, அதனால் ஏழு நாள் கழித்து இன்னொரு தடவை வேண்டும்.

அப்புறம், செம்பருத்தித் தண்டில் எறும்பு ஏறுகிறதா பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதை மாடு மேய்ப்பது மாதிரி காவல் காக்கும், எதிரிகளை விரட்டும். தண்டைச் சுற்றி ஒரு தாள் பட்டை கட்டி, தாள்மேல் பசை தடவி (செடியின் தண்டில் நேராகத் தடவாதீர்கள்) எறும்பை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

முற்றத்துமல்லி:

சோதனைக்குழாய் சார், ரொம்ப நன்றி. நேத்து சாயங்காலம் பிளீச் பாட்டிலைக் கையில எடுத்துட்டு, போன் வந்ததால வச்சுட்டுப் போனேன். நினைச்சாலே கை நடுங்குது.

பூவாளி அக்கா, நீங்க சொன்ன மாதிரி ஒரு கோரையை நெம்பிப் பார்த்தேன். அஞ்சு கிழங்கு, ஒரே இழையில! இத்தனை நாள் மேல மட்டும் பிடுங்கிட்டு இருந்திருக்கேன்.

மூணு சந்தேகம். அந்த ஜூஸ் பாட்டில்ல இருக்கிற கலவையை எங்க ஊத்துறது? பூண்டு-மிளகாய்க் கரைசல் பூனைக்கு ஆகுமா? அப்புறம், செம்பருத்தியில மாவுப்பூச்சிக்கு நடுவுல ரெண்டு மூணு மட்டும் ரொம்பப் பெரிசா இருக்கு. உடம்பு முழுக்க வெள்ளை நூல் நூலா தொங்குது. மத்ததெல்லாம் அசையாம கிடக்க, இது மட்டும் விறுவிறுன்னு நடக்குது. இதுக்கு வீரியம் கூட்டி அடிக்கணுமா?

பூவாளி:

அடிக்காதீர்கள்! அதை அடித்துவிடாதீர்கள் மல்லி. கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் சொல்கிற அடையாளத்தைப் பார்த்தால் அது மாவுப்பூச்சி இல்லை. மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டின் புழு. தின்னும் இரையைப் போலவே வெள்ளை மெழுகு நூலைப் போர்த்திக்கொண்டு அதற்கு நடுவிலேயே திரியும். ஆஸ்திரேலியாவில் பிறந்த வண்டு. மாவுப்பூச்சியை ஒழிக்கவென்றே 1891-ல் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்கள், பிறகு உலகம் பூராவும் பரப்பினார்கள். வேகமாக நடப்பதும் பெரிதாக இருப்பதும்தான் அடையாளம். ஒரு குச்சியால் வெள்ளை நூலை லேசாக ஒதுக்கிப் பாருங்கள், அடியில் கால்கள் தெளிவாகத் தெரியும். எனக்கு இது தெரியாத காலத்தில் எத்தனையை நானே நசுக்கியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

அதனால் செம்பருத்திக்கு வேப்பெண்ணெய் வேண்டாம், இப்போதைக்கு நிறுத்துங்கள். எறும்பை மட்டும் தடுங்கள். வெட்டுகிற நுனிகளில் இந்தப் புழு இருந்தால் அதைப் பக்கத்துக் கிளையில் விட்டுவிட்டு வெட்டுங்கள். மூன்று வாரம் பொறுங்கள்.

பூண்டும் வெங்காயமும் பூனைக்கு ஆகாது. ரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனை இலையைக் கடிக்காவிட்டாலும் உடம்பில் பட்டதை நக்கும். மிளகாயோ, அரைக்கும்போதே கண்ணுக்கு ஆபத்து. உங்கள் வீட்டுக்கு அந்தக் கரைசலே வேண்டாம். வேப்பெண்ணெய் அடித்தாலும் இலை காய்கிறவரை பூனையும் குழந்தையும் அந்தப் பக்கம் போகக் கூடாது. காய்களைக் கழுவித்தான் எடுக்க வேண்டும்.

அந்த பாட்டில் கலவையைச் சமையலறைத் தொட்டியில் நிறையத் தண்ணீர் விட்டபடியே ஊற்றிவிடுங்கள். மண்ணில் வேண்டாம். பிளீச் போட்டுக் கழுவிய கழிப்பறையிலும் வேண்டாம், அங்கே மிச்சம் இருந்தால் சார் சொன்ன அதே வாயு வரும்.

பாட்டிலைத் திரும்பப் பயன்படுத்தாமல் எறிந்துவிடுங்கள். இதைச் சொல்லும்போது எங்கள் அப்பா ஞாபகம்தான் வருகிறது. ஒரு சாயங்காலம் வேப்பெண்ணெய்க் கலவையை அடித்துவிட்டு, மிச்சத்தைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றித் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். அப்பா நடந்து களைத்து வந்தவர், மங்கல் வெளிச்சத்தில் எடுத்து ஒரு மடக்கு வாயில் ஊற்றிவிட்டார். கசப்பில் பாதியைத் துப்பிவிட்டார். நான் பதறிப்போய் வாந்தி எடுக்க வைக்கப் பார்த்தேன். மருத்துவருக்கு போன் போட்டபோது, "வாந்தி எடுக்க வைக்காதீங்க, எண்ணெயும் சோப்பு நுரையும் நுரையீரலுக்குள்ள போயிடும், வாயைக் கொப்புளிக்கச் சொல்லி, பாட்டிலோட கூட்டிட்டு வாங்க" என்றார். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சின்னக் குழந்தைகள் வேப்பெண்ணெயை விழுங்கி வலிப்பு வரை போனதாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. அன்றிலிருந்து குடிக்கிற பொருள் இருந்த பாத்திரம் எதிலும் தோட்டச் சரக்கை நான் ஊற்றுவதில்லை. தெளிப்பான் இரண்டு வைத்திருக்கிறேன், களைக்கு ஒன்று, பூச்சிக்கு ஒன்று. களைத் தெளிப்பானின் கழுத்தில் சிவப்பு நாடா சுற்றியிருக்கும். உள்ளே என்ன, எந்தத் தேதி என்று தாளில் எழுதி ஒட்டி, என் தலைக்கு மேல் உயரத்தில் பூட்டி வைக்கிறேன்.

கண்ணில் எது பட்டாலும் தேய்க்காமல், ஓடுகிற சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 நிமிஷம் கழுவுங்கள். இமையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு. அதற்குப் பிறகுதான் மருத்துவமனைக்குக் கிளம்புவது.

வரப்போரம்:

பூவாளி சொன்னதைப் படித்துவிட்டு வெளியே போய்ப் பார்த்தேன். போன கோடையில் அடித்த இடத்தில் இன்னும் எதுவும் முளைக்கவில்லை. அது நல்லது என்று நினைத்திருந்தேன். சுவரோரம் இருந்த நந்தியாவட்டையில் இலை ஓரம் பழுப்பாகத்தான் இருக்கிறது. நோய் என்று நினைத்து இரண்டு தடவை மருந்து வேறு அடித்தேன். "தைரியமாக அடியுங்கள்" என்று மேலே எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இதற்கு ஏதாவது செய்ய முடியுமா அக்கா?

பூவாளி:

மண் தண்ணீரைக் கீழே விடுகிறதா என்று முதலில் பாருங்கள். விட்டால், செடியின் அடியில் நிதானமாக, நிறைய நல்ல தண்ணீர் பாய்ச்சுங்கள். உப்பு வேருக்குக் கீழே இறங்கும். நாலைந்து நாள் விட்டு மறுபடி. தண்ணீர் தேங்கி நின்றால் ஜிப்சத்தை மேலாக மண்ணில் கலந்துவிட்டுப் பாய்ச்சுங்கள். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்த்துவிடும். மேலே வெள்ளைப் பக்கு இருந்தால் முதலில் அதைச் சுரண்டி அள்ளிவிடுங்கள். மருந்து, உரம் எதுவும் இப்போது கொடுக்காதீர்கள். புது இலை ஓரம் பச்சையாக வந்தால் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

முற்றத்துமல்லி (மூன்று வாரம் கழித்து):

தகவல் சொல்ல வந்தேன். கொதிநீர் ரெண்டு தடவை ஊத்தினேன், இடுக்குல மணல் அடைச்சாச்சு. சின்னக் களை ஒண்ணும் இல்லை. கோரை இன்னும் வருது, ஆனா பாதிதான். பொண்ணு தூங்குற நேரத்துல தினம் பத்து நிமிஷம் உக்காந்து இழை பிடிச்சு எடுக்கிறேன். மிளகாய்ல தண்ணி பீய்ச்சினதோட அசுவினி போச்சு, புதுசா வந்த கொழுந்து சுருளாம நீட்டா இருக்கு.

செம்பருத்தியில எறும்புக்குத் தாள் கட்டினதோட சரி, வேற எதுவும் அடிக்கலை. மாவு நல்லாவே குறைஞ்சிருக்கு. நேத்து ஒரு இலையைத் திருப்பினா, மிளகு அளவுல கருப்பு வண்டு, தலை மட்டும் ஆரஞ்சு. பொண்ணுகிட்ட காட்டினேன், அவதான் இன்னிக்குக் காலையில எண்ணிட்டு வந்து சொன்னா, ஏழு இருக்காம்.